கண்மாய்க்கரையில் நடக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

திருச்சுழியை ஆற்றங்கரை ஊர் என்று சொன்னால், முதன்முறை வருகிறவர்கள் பாலத்தில் நின்று குண்டாற்றைப் பார்த்துவிட்டு ஆறு எங்கே என்று கேட்பார்கள். மேற்கே மலையடிவாரத்தில் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகும் இந்த ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமும்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் அளவில்தான். அதில் ஏறத்தாழ பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். பெரியாறு பாசனமோ வைகைப் பாசனமோ இங்கே பெரும்பாலும் எட்டுவதில்லை. வானம் கொடுத்ததைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி வைத்துப் பிழைத்த பூமி இது.

நீரோரத்தில் நாள்தோறும் நடந்தால் மனம் தெளியும், நன்றியுணர்வு பெருகும் என்று இப்போது உலகெங்கும் எழுதுகிறார்கள். அப்படி எழுதுகிறவர்களின் மனத்தில் இருப்பது எப்போதும் தளும்பும் ஏரியும் கடற்கரையும்தான். நான்கு மாதம் நீரும் எட்டு மாதம் வெடித்த மண்ணுமாகக் கிடக்கும் கண்மாய்க்கரைக்கு இது பொருந்துமா? மூளையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றை அடுக்கிப் பார்த்தால், இங்கேதான் அதிகமாகப் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

விடிகாலையில் கரையில் நடப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் காரணம் எளிது: "சுகர் இருக்கு, டாக்டர் வாக்கிங் போகச் சொல்லிட்டார்." இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான கணக்கெடுப்பு, நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் நீரிழிவு உள்ளதாகச் சொன்னது. நடக்கும்போது சுருங்கி விரியும் கால் தசைகள், இன்சுலினுக்காகக் காத்திராமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். டாக்டர் சொல்வதில் தவறே இல்லை. ஆனால் சர்க்கரைக்காகக் கரையேறியவர்கள் சில மாதங்கள் கழித்து வேறொன்றையும் சொல்வார்கள். "காலையில ஒரு நடை போயிட்டு வந்தாத்தான் மனசு ஒரு நிலையில நிக்குது." இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பேச்சைப் பற்றியது.

நடை என்பது மூளை அடிக்கு அடி உத்தரவிட்டு நடத்தும் வேலை இல்லை. தாமஸ் கிரகாம் பிரவுன் என்ற உடலியல் அறிஞர் 1911இல் பூனைகளை வைத்துச் செய்த சோதனைகளில் இதைக் காட்டினார். மூளையிலிருந்து இறங்கும் தொடர்பைத் துண்டித்த பிறகும், காலிலிருந்து மேலே போகும் உணர்ச்சி நரம்புகளை அறுத்த பிறகும், பூனையின் பின்னங்கால் தசைகள் நடைக்குரிய தாளத்தில் மாறி மாறி இயங்கின. அந்தத் தாளம் தண்டுவடத்தில் உள்ள நரம்புக் கூட்டத்திலேயே பிறக்கிறது. மனிதருக்கு இரண்டு காலில் நிற்க வேண்டியிருப்பதால் மூளையின் பங்கு கூடுதல். ஆனாலும் பழகிய பாதையில் ஒரே சீராக நடக்கும்போது சிந்திக்கும் பகுதிக்கு அதிக வேலை இருப்பதில்லை. உடல் வேலையில் இருக்கிறது, மனம் அவிழ்த்து விடப்படுகிறது. உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ இந்தச் சேர்க்கை கிடைப்பதில்லை.

அவிழ்த்து விட்ட மனம் என்ன செய்யும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷுவார்ட்ஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொருளுக்குப் புதிய பயன்களைச் சொல்லும்படி ஆட்களைக் கேட்டார்கள். உட்கார்ந்து சொன்னதைவிட நடந்துகொண்டே சொன்னபோது புதிய யோசனைகள் சராசரியாக 60 விழுக்காடு கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் அது சிறிது நேரம் நீடித்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைப் பிடிக்க வேண்டிய கேள்விகளில் நடை உதவவில்லை, சற்றே பின்தங்கவும் செய்தது. ஆகவே கணக்கு வழக்கை மேசையில் முடித்துவிட்டு வருவது நல்லது. பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது, தம்பியிடம் மனத்தாங்கலை எப்படிப் பேசித் தீர்ப்பது என்பது போன்ற, பல வழிகள் உள்ள யோசனைகளைக் கரைக்கு எடுத்துக்கொண்டு வரலாம்.

அவிழ்ந்த மனத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அது பழைய புண்ணையே சுற்றிச் சுற்றி வரும். கடன்காரன் சொன்ன சொல், சம்பந்தி வீட்டில் நடந்த அவமானம் என்று ஒன்றையே திரும்பத் திரும்ப அரைக்கும். ஆராய்ந்து பார்ப்பது வேறு, இந்த அரைப்பு வேறு. பின்னது மனச்சோர்வுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பது மருத்துவத்தில் உறுதியான செய்தி. இதை எந்த இடத்தில் நடந்தால் குறைக்கலாம் என்று கிரிகரி பிராட்மனும் அவருடைய குழுவினரும் சோதித்தார்கள். 2015இல் வந்த அந்த ஆய்வில் 38 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப்பேர் மரமும் புல்லும் நிறைந்த வெளியில் 90 நிமிடம் நடந்தார்கள், மற்றவர்கள் போக்குவரத்து நெரிசல் மிகுந்த சாலையோரம். புல்வெளியில் நடந்தவர்களிடம் அந்த அரைப்பு குறைந்தது. மூளையின் முன்பகுதியில், அதனோடு தொடர்புடைய ஓரிடத்தின் செயல்பாடும் தணிந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் இரண்டுமே மாறவில்லை.

ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் இதற்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறார்கள். லாரி ஹாரனும் போன் மணியும் கவனத்தைப் பிடித்து இழுப்பவை. அசையும் நீர், காற்றில் ஆடும் நாணல், மிதக்கும் மேகம் ஆகியவை கவனத்தைப் பிடுங்காமல் மெல்ல ஈர்ப்பவை. அந்த நேரத்தில் களைத்துப்போன கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. பார்சிலோனாவில் 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு அலுவலகப் பணியாளர்கள் 59 பேரை ஒரு வாரம் கடலோரத்திலும், ஒரு வாரம் நகரத் தெருவிலும் 20 நிமிடம் நடக்க வைத்தது, ஒரு வாரம் உட்காரவும் வைத்தது. கடலோர நடைக்குப் பிறகு மனநிலை தெளிவாக உயர்ந்திருந்தது. ரத்த அழுத்தம் போன்ற உடல் அளவுகளில் அப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை. ஒரு வாரத்தில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இதுவரை சொன்னது மனத் தெளிவு. நன்றியுணர்வு இன்னொரு படி மேலே.

உளவியலாளர்கள் நன்றியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். எனக்கு ஒரு நன்மை கிடைத்திருக்கிறது என்று உணர்வது ஒன்று, அது என்னிடமிருந்து வரவில்லை, வேறெங்கிருந்தோ வந்தது என்று உணர்வது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் நன்றி. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் பத்து வாரம், வாரம் ஒருமுறை, தங்களுக்குக் கிடைத்த நன்மைகளில் ஐந்தை எழுதி வந்தார்கள். தொல்லைகளை எழுதிய குழுவைவிட அவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவைச் சொன்னார்கள், உடற்பயிற்சியும் கூடுதலாகச் செய்தார்கள். அதன் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள், பலன் உண்டு ஆனால் சிறிது என்கிறார்கள். மனச்சோர்வு நோய்க்கு இதையே மருந்தாக நம்பி மருத்துவரைத் தவிர்ப்பது தவறு.

எனக்கு முக்கியமாகப் படுவது சோன்யா லியூபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் கண்ட ஒரு முடிவு. நன்மைகளை வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எண்ணியவர்களுக்குக் கூடவில்லை. நன்றி சொல்வதும் பழகிப்போனால் சடங்காகி உணர்ச்சி வடிந்துவிடுகிறது.

இதன் வேர் மூளையின் அடியாழத்தில் இருக்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளின் டோபமின் நரம்பணுக்களைக் கூர்ந்து கவனித்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு சாறு வந்தபோது அவை அசையவே இல்லை, விளக்கைக் கண்டபோதுதான் துள்ளின. விளக்கெரிந்தும் சாறு வராதபோது வழக்கத்தைவிட அடங்கிப்போயின. மூளை கிடைத்ததை அளப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை அளக்கிறது. எந்நாளும் ஒரே மட்டத்தில் தளும்பும் ஏரியின் கரையில் வாழ்பவருக்கு அந்த இடைவெளி நாளடைவில் சுழியமாகிவிடும். ஏரி அங்கேயேதான் இருக்கும், அவர் கண்ணுக்குத்தான் தெரியாது.

திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய் அப்படிப் பழக விடுவதில்லை. பங்குனி, சித்திரையில் உள்வாய் முழுக்கக் கரிசல் வெடித்துக் கிடக்கும். கரிசலில் உள்ள களிமண் ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கைநுழையும் அளவுக்கு வெடிப்பு விழும். ஆடியில் காற்று, ஆவணியில் வானம் பார்ப்பது. புரட்டாசிக் கடைசியில் விழும் முதல் மழை முழுவதும் அந்த வெடிப்புக்குள் போய்விடும். மண் ஊதி வெடிப்பு அடைபட்ட பிறகுதான் நீர் மேலே நிற்கத் தொடங்கும். வரத்துக்காலில் செம்மண் நிற நீர் நுரைத்து வரும்போது ஊரே கரைக்கு வந்துவிடும். நாள்தோறும் நடப்பவருக்குத் தெரியும்: நேற்று அந்தக் கருவேல மரத்தின் தூர் மட்டும் நனைந்திருந்தது, இன்று கிளை தொட்டுவிட்டது. மிகுநீர் கலுங்கில் வழியும் நாளில் "கம்மா நெறஞ்சு மறுகா பாயுது" என்ற சொல் தெருத்தெருவாய் ஓடும். அதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கைபிடித்துக் கூட்டி வந்து காட்டும் தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். கடற்கரை நகரத்தில் கடலைக் காட்ட யாரும் இப்படி ஓடுவதில்லை.

சில ஆண்டுகளில் பாதிகூட நிரம்பாது. சில ஆண்டுகளில் நீரே வராது. விளக்கு எரிந்தும் சாறு வராத நாள்கள் அவை. அதனால்தான் வந்த ஆண்டின் நீர் அவ்வளவு பெரிதாகிறது. லீஃப் நெல்சனும் டாம் மேவிஸும் 2008இல், பிடித்த பாட்டையோ உடல் பிடித்துவிடுவதையோ இடையில் நிறுத்தித் தொடர்ந்தால் இன்பம் கூடுகிறது என்று காட்டினார்கள். தொடர்ந்து கிடைத்தால் பழகிவிடுகிறது, நின்று தொடர்ந்தால் பழக்கம் கலைகிறது. எட்டு மாத இடைவெளியைக் கட்டாயமாகப் பெற்ற ஊர்க்காரர்கள் இந்த ஆய்வை வாழ்ந்து காட்டுகிறார்கள்.

முதல் மழையின் மண்வாசனையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964இல் அந்த வாசனையை ஆராய்ந்து எழுதினார்கள். அதன் முக்கியப் பொருள் ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. மழைத்துளி காய்ந்த மண்ணில் விழும்போது அடியில் சிக்கிய காற்று நுண்குமிழ்களாக மேலே வந்து வெடித்து வாசனையைக் காற்றில் தூவுகிறது. அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்து 2015இல் காட்டினார்கள். லட்சம் கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே மனித மூக்கு ஜியோஸ்மினைக் கண்டுகொள்ளும். நுண்ணுயிருக்கு இந்த வாசனையால் என்ன லாபம் என்ற கேள்விக்கு 2020இல் ஒரு விடை கிடைத்தது: வாசனை பிடித்து வரும் சிறு துள்ளுபூச்சிகள் அந்த நுண்ணுயிரைத் தின்று, அதன் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு வேறிடம் கொண்டுபோகின்றன. காரியாபட்டிப் பக்கம் மழை பெய்ததைத் திருச்சுழியில் காற்றை மோந்து சொல்லும் பெரியவர்களின் மூக்கு, உலகின் மிக நுட்பமான கருவிகளோடு போட்டி போடக்கூடியது.

நீர் ஏறுவதை நாள்தோறும் பார்ப்பது இந்த ஊரில் புதிய பழக்கமில்லை. திருமேனிநாதர் கோயில் முன்னுள்ள சூல தீர்த்தத்தில், மாசிப் பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் நாளுக்கு நாள் படியேறிப் பிறகு இறங்கும் என்பதும், சிறுவனாக இருந்தபோது அதைப் படிக்கட்டில் எண்ணி விளையாடியதும் ரமண மகரிஷி பிற்காலத்தில் பகிர்ந்த நினைவுகளில் வருகின்றன. வேங்கடராமன் என்ற பெயரில் 1879 டிசம்பர் 30 அன்று இந்த ஊரில் பிறந்தவர் அவர். பிறந்த வீடு சுந்தர மந்திரமாகக் கோயிலருகே இன்றும் இருக்கிறது. பதினாறு வயதில், 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அங்கே மலைச்சரிவில் நடந்துவருவது பல்லாண்டு அவருடைய அன்றாட வழக்கமாக இருந்தது. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை நிறைமாத ராணி நடப்பதைப் போல மெல்ல நடக்க வேண்டும் என்பது அந்த ஊர் மரபு. ஒரே மலையை அத்தனை ஆண்டு சுற்றிய மனிதர், ஒரே குளத்தின் படிகளை எண்ணிய சிறுவனிலிருந்து வந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மெல்ல நடப்பதற்கும் வியந்து பார்ப்பதற்கும் கலிபோர்னியாவிலிருந்து ஒரு சான்று உண்டு. விர்ஜீனியா ஸ்டர்ம் குழுவினர் முதியவர்கள் 52 பேரை எட்டு வாரம், வாரம் ஒருமுறையாவது 15 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். பாதிப்பேருக்கு மட்டும் ஒரு கூடுதல் வேண்டுகோள்: வழியில் உங்களை வியக்க வைப்பதைத் தேடுங்கள். எல்லோரும் ஒவ்வொரு நடையிலும் தங்களைத் தாங்களே படமெடுத்து அனுப்ப வேண்டும். வாரங்கள் போகப் போக, வியப்பைத் தேடியவர்களின் படங்களில் அவர்களின் உருவம் சிறிதாகிக்கொண்டே போனது, பின்னணி பெரிதானது. முகத்தின் புன்னகையும் விரிந்தது. பரிவு, நன்றி போன்ற உணர்ச்சிகள் அவர்களிடம் கூடியிருந்தன. போனைப் பையில் வைத்துவிட்டு நடந்தாலும் இந்தப் பலன் கிடைக்கும் என்றே நினைக்கிறேன். கரையில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: நீருள்ள காலத்தில் முக்குளிப்பான், நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன். நீரற்ற காலத்தில் ஆட்காட்டி, பனையில் தூக்கணாங்குருவிக் கூடு. தெற்கே முதுகுளத்தூர்ப் பக்கம் இதேபோன்ற கண்மாய்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. மழைக்காக வெட்டிய பள்ளங்கள் உலகம் மதிக்கும் பறவைப் புகலிடங்களாகியிருக்கின்றன.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். இந்தப் பூமியில் அதிகம் நடந்தவர்கள் வாக்கிங் போனவர்கள் இல்லை. இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக ஊருணிக்கு நடந்த பெண்கள், விறகுக்கும் பருத்தி எடுக்கவும் வெயிலில் நடந்தவர்கள். நான் மேலே சொன்ன ஆய்வுகளில் எதுவும் சுமையோடு நடந்தவர்களைப் பற்றியது இல்லை. ஓய்வும், பசியாறிய வயிறும், பயமற்ற பாதையும் இருந்தால்தான் நடை மனத்தைத் திறக்கும். வீட்டுக்கு வீடு குழாய் வருவதும், கரையில் விளக்கு போடுவதும், பெண்கள் அச்சமின்றி நடக்கும்படி முள்ளை வெட்டிப் பாதை விடுவதும் அறிவியலின் கணக்கில் சேர வேண்டியவைதான்.

நன்றியின் இரண்டாவது பாதி, அது எங்கிருந்து வந்தது என்பது. கண்மாய்க்கரையில் நடப்பவருக்கு அந்தக் கேள்விக்கு விடை காலடியிலேயே இருக்கிறது. கரை தானாக வந்ததில்லை, யாரோ மண் சுமந்து போட்டது. மேலூர்க் கண்மாய் நிரம்பி மறுகால் போனால்தான் கீழூர்க் கண்மாய்க்கு நீர். மடையைத் திறந்து வயலுக்கு வயல் பங்கிட்ட நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடையில் நெல் அளந்தார்கள். மடை திறக்கும்முன் தேங்காய் உடைத்து, கரையில் இருக்கும் அய்யனாரைக் கும்பிட்டார்கள். தமிழ்நாட்டில் உள்ள ஏறத்தாழ 39,000 ஏரி கண்மாய்களில் பல இப்படி ஊர் உழைப்பில் நின்றவை. அந்த உழைப்பு தளர்ந்த பிறகு வரத்துக்கால் தூர்ந்தது, உள்வாய் சீமைக்கருவேலக் காடானது. ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைச் செப்பனிடும் குடிமராமத்துப் பணியை 2017இல் அரசு மீண்டும் தொடங்கியது. மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளையின் வயலகம் அமைப்பு உழவர் சங்கங்களோடு சேர்ந்து கண்மாய்களைச் சீர்படுத்தி வருகிறது. காவிரி நீரை மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாயில் குண்டாறு வரை கொண்டுவரும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது வரும்போது வரட்டும். இருக்கிற கரையைக் காக்க அதுவரை காத்திருக்க முடியாது.

நாள்தோறும் நடப்பவர்தான் கரையின் முதல் காவலர். எலி வளை, நண்டு வளை, மாடு இறங்கிக் குழைந்த இடம் ஆகியவற்றை வாரத்தில் ஒருமுறை ஜீப்பில் வரும் அதிகாரியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கண்மாய் நிறைந்திருக்கும்போது கரையின் வெளிப்பக்க அடியில் ஈரம் கசிந்தால் நின்று பார்க்க வேண்டும். கசிவது தெளிந்த நீர் என்றால் குறித்து வைத்துக்கொண்டு மறுநாளும் வந்து பார்க்கலாம். கலங்கலாக வந்தால், நீர் உள்ளிருந்து கரை மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். ஓரிரு மணி நேரத்தில்கூடக் கரை உடையலாம். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் என்றால் நீர்வளத்துறைக்கும், சிறியது என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கும் உடனே சொல்ல வேண்டும். அவர்கள் வந்து சேரும்வரை, மடையைத் திறந்து மட்டத்தைக் குறைக்கவும் கசிவைச் சுற்றி மணல் மூட்டைகளை அரைவட்டமாக அடுக்கவும் ஊரில் பத்துப் பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும். ஐப்பசி பிறக்கும்முன் அந்தப் பத்துப் பேரின் எண்களையும், நீர்ப்பாய்ச்சி குடும்பத்தில் மடைத்திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதையும் நடைக்கு வரும் ஒவ்வொருவரும் போனில் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.